பன்னிரண்டு நிமிடத் தொலைவு: சிறாருக்கான அறிவியல் நாவலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எட்டு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு அறிவியல் புனைகதை எழுத வருகிறவர்கள் தங்கள் கைப்பிரதியை என்னிடம் படிக்கக் கொடுப்பதுண்டு. சமீபத்தில் அடுத்தடுத்து நாலு பிரதிகள் வந்தன. நாலிலும் என் முதல் நாவலில் நான் செய்த தவறுகள் அப்படியே இருந்தன. ஒன்றில் வாக்கியம்கூட நான் எழுதியது போலவே இருந்தது: "அப்போது திரையில் பூமியிலிருந்து பேராசிரியரின் முகம் தோன்றியது." அந்த வரியில் பிரதியை மூடி வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

விண்வெளியில் வெடிச்சத்தம் கேட்காது, சூரியன் ஒரு விண்மீன்தான், கோளல்ல என்பது போன்றவற்றை இங்கே சொல்லப் போவதில்லை. அவற்றை எந்தப் பதிப்பாசிரியரும் ஒரே பார்வையில் பிடித்துவிடுவார். கதையை உள்ளிருந்தே அரிக்கிற தவறுகள் வேறு.

தெரிந்ததையே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது

"நாம் இருக்கிற இந்த நிலையம் 400 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றுகிறது, தெரியுமா?" என்று ஒரு பாத்திரம் கேட்கும். ஆறு மாதமாக அங்கேயே குடியிருக்கும் இன்னொரு பாத்திரம் "அப்படியா!" என்று வியக்கும். பத்து வயதுப் பிள்ளைக்கு இது பாடப்புத்தகம் என்று உடனே தெரிந்துவிடும். அடுத்த பக்கத்துக்குத் தாவிவிடுவாள்.

தகவல் வேண்டாம் என்று சொல்லவில்லை. தகவலுக்காகத்தான் பாதிப் பிள்ளைகள் இந்த வகை நூலை எடுக்கிறார்கள். ஆனால் அது பாத்திரத்தின் உடம்பின் வழியாக வர வேண்டும். நிலையத்தில் ஒரு சிறுமி அழுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணீர் கன்னத்தில் வழியாது. கண்ணிலேயே ஒரு குமிழாகத் திரண்டு நிற்கும். மேலும் அழுதால் குமிழ் பெரிதாகி, மூக்குத்தண்டைத் தாண்டி மற்றக் கண்ணுக்குப் போய்விடும். துணியால் ஒற்றித்தான் எடுக்க வேண்டும். கனடாவின் விண்வெளி வீரர் கிறிஸ் ஹாட்ஃபீல்ட் 2013ல் விண்வெளி நிலையத்தில் தன் கண்ணில் தண்ணீர் விட்டு இதைச் செய்து காட்டினார். இப்போது கதையை யோசியுங்கள். யாருக்கும் தெரியாமல் அழ நினைக்கிற ஒரு பிள்ளைக்கு அங்கே அது முடியாது. கண்ணீர் விழுந்து மறையவே மறையாது. இதை எழுதிவிட்டால் எடையின்மையைப் பற்றி வேறு விளக்கமே தேவையில்லை.

இதே இடத்தில் "ஈர்ப்பு விசை இல்லாததால்" என்று எழுதிவிடுகிறார்கள். அந்த உயரத்தில் ஈர்ப்பு, தரையில் இருப்பதில் ஏறத்தாழ 90 சதவீதம் இருக்கிறது. நிலையமும் உள்ளே இருப்பவர்களும் சேர்ந்தே பூமியைச் சுற்றி விழுந்துகொண்டிருப்பதால்தான் மிதக்கிறார்கள். சிறுமியின் தம்பிக்கு யாரோ இதைச் சொல்லிவிட, "அப்போ நாம விழுந்துக்கிட்டே இருக்கோமா?" என்று அவன் இரவெல்லாம் தூங்காமல் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டிருக்கட்டும்.

பெற்றோரைச் சாகடிப்பது

முதல் அத்தியாயத்திலேயே விபத்து வைத்து அப்பா அம்மா இருவரையும் கொல்ல வேண்டாம். பெரியவர்களை விலக்கி வைக்க இதைவிட நல்ல வழி இருக்கிறது. அடுத்துச் சொல்லப் போவது அதைத்தான்.

தொலைவை அழித்துவிடுவது

இத்தனை ஆண்டு கழித்தும் எனக்கு ஆறாத தவறு இது.

என் முதல் நாவலில் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி செவ்வாயில் ஒரு குடியிருப்பில் வாழ்கிறாள். அவளை வளர்த்த பாட்டி பூமியில் இருக்கிறாள். ஒளி நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் போகும். செவ்வாய் பூமிக்கு மிக அருகில் வரும்போதே சுமார் 5.5 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. சூரியனுக்கு அந்தப் பக்கம் போய்விட்டால் சுமார் 40 கோடி. ஆக, ஒரு செய்தி போய்ச்சேர 3 நிமிடமும் ஆகலாம், 22 நிமிடமும் ஆகலாம். கதை நடக்கும் காலத்துக்கு 12 நிமிடம் என்று கணக்குப் போட்டு வைத்துக்கொண்டேன். இரண்டாம் அத்தியாயத்தில் அந்தச் சிறுமி "பாட்டி, சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு 24 நிமிடம் காத்திருக்க முடியாமல் அழுதுவிடுவாள். அந்த நாவலில் நான் நன்றாக எழுதிய இடம் அதுதான்.

பதினான்காம் அத்தியாயத்தில் குடியிருப்பின் காற்றுச் சுத்திகரிப்பு இயந்திரம் நின்றுபோகிறது. சிறுமி திரைமுன் ஓடுகிறாள். பாட்டி ஓய்வுபெற்ற பொறியாளர். "பதறாதே கண்ணு, இடது பக்கக் குழாயை மூடு." "மூடிட்டேன் பாட்டி." "இப்போ மேலே இருக்கிற வால்வைத் திற." இப்படியே மூன்று பக்கம். எழுதும்போது எனக்கு எதுவும் உறுத்தவில்லை. உச்சக்கட்டம் விறுவிறுப்பாகப் போகிறது என்ற மகிழ்ச்சிதான் இருந்தது.

நூல் அச்சாகி வந்த பிறகு ஒரு வாசிப்பு நிகழ்ச்சியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுந்தாள். இரண்டாம் அத்தியாயத்தில் பக்கத்தின் ஓரத்தை மடித்து வைத்திருந்தாள்.

"பாட்டி எப்படி உடனே உடனே பதில் சொன்னாங்க?"

வேகமான கருவி ஒன்றை அதற்குள் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

"அப்போ ரெண்டாம் அத்தியாயத்துல அவ ஏன் அழுதா?"

என்னிடம் பதில் இல்லை. அவள் கேட்டது இயற்பியல் கேள்வியல்ல. அந்தச் சிறுமியோடு சேர்ந்து தானும் காத்திருந்து வருந்தியிருக்கிறாள். அந்த வருத்தம் பொய்யா என்றுதான் கேட்டாள்.

முதல் அச்சு தீரும்வரை எதையும் மாற்ற முடியவில்லை. இரண்டாம் அச்சுக்கு 62 பக்கங்களைத் திருத்தி எழுத ஐந்து மாதம் பிடித்தது. ஓவியர் மூன்று படங்களை மறுபடி வரைந்தார். பணமும் காலமும் போனதைவிட, கையில் இருந்த பொருளின் அருமை தெரியாமல் நானே அதைத் தூக்கிப் போட்டேன் என்பதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது.

ஏனென்றால் இந்த வயதினருக்கு எழுதுகிற எல்லாரையும் ஒரு சிக்கல் துரத்தும். முடிவெடுப்பது பிள்ளையாக இருக்க வேண்டும். ஆனால் அன்பும் அறிவும் உள்ள பெரியவர் பக்கத்தில் இருந்தால் பிள்ளையை அப்படி விடமாட்டார். அதனால்தான் எழுத்தாளர்கள் பெற்றோரைக் கொல்கிறார்கள், முட்டாளாக்குகிறார்கள், மயக்கம்போட வைக்கிறார்கள். செவ்வாயில் இது எதுவுமே வேண்டாம். பாட்டி உயிரோடு இருக்கலாம், அறிவாளியாக இருக்கலாம், பேத்திமேல் உயிரையே வைத்திருக்கலாம். 12 நிமிடம் தள்ளி இருக்கிறாள், அவ்வளவுதான்.

திருத்திய பதிப்பில் அந்தக் காட்சி இப்படிப் போகும். சிறுமி நடந்ததைச் சொல்லி முடிக்கிறாள். திரையில் எதுவும் அசையவில்லை. சுவர்க்கடிகாரத்தைப் பார்க்கிறாள். நாலாவது நிமிடத்தில் குழாய் இணைப்பில் பனி கட்டத் தொடங்குகிறது. ஒன்பதாவது நிமிடம், தான் பேசியதே இன்னும் பாட்டியிடம் போய்ச்சேரவில்லை என்பது அவளுக்கு உறைக்கிறது. எழுந்து போய் இடது பக்கக் குழாயை மூடுகிறாள். கை நடுங்குகிறது. வால்வைத் திறக்கிறாள். காற்று ஓடும் சத்தம் கேட்கிறது. 24 நிமிடம் கழித்துப் பாட்டியின் முகம் வருகிறது: "இடது பக்கக் குழாயை மட்டும் தொட்டுடாதே கண்ணு." சிறுமி அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள். பழைய மூன்று பக்க உரையாடலில் இதில் ஒரு துளிகூட இல்லை.

உண்மையிலும் இப்படித்தான் நடக்கிறது. 2012 ஆகஸ்டில் கியூரியாசிட்டி ஊர்தி செவ்வாயில் இறங்கியபோது சமிக்ஞை பூமிக்கு வர சுமார் 14 நிமிடம் ஆனது. வளிமண்டலத்தில் நுழைந்து தரையைத் தொட ஆனதோ ஏறத்தாழ 7 நிமிடம். உள்ளே நுழைந்துவிட்டது என்ற செய்தி பூமிக்கு வந்த நேரத்தில் ஊர்தி ஏற்கெனவே தரையில் இருந்தது. பல ஆண்டு உழைத்துச் செய்தவர்களால்கூட அந்த ஏழு நிமிடத்தில் எதையும் செய்ய முடியவில்லை. எல்லாவற்றையும் அது தானாகவே செய்தாக வேண்டியிருந்தது. உங்கள் நாவலின் பிள்ளைக்கும் அதே நிலைதான்.

இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது. ஏறத்தாழ 26 மாதத்துக்கு ஒருமுறை சூரியன் இரண்டு கோள்களுக்கும் நடுவே வந்துவிடும். சூரியனைச் சுற்றியுள்ள மின்னூட்டத் துகள்கள் ரேடியோ சமிக்ஞையைக் கெடுத்துவிடும் என்பதால், சுமார் இரண்டு வாரம் செவ்வாயில் உள்ள கலங்களுக்கு நாசா கட்டளை அனுப்புவதை நிறுத்தி வைக்கிறது. பூமியின் குரலே எட்டாத இரண்டு வாரம்! ஒரு முழு நாவலை அதற்குள் வைக்கலாம்.

நிலவில் கதை நடந்தால் தொலைவு இந்த அளவுக்குக் கைகொடுக்காது. 3,84,400 கிலோமீட்டர்தான், சமிக்ஞை போக 1.3 நொடி. ஆனால் நிலவின் பின்பக்கம் போய்விட்டால் பூமியோடு நேரடித் தொடர்பு அறுந்துவிடும். 1969 ஜூலையில் அப்பல்லோ 11 பயணத்தில் மற்ற இரண்டு வீரர்களும் நிலவில் இறங்கியிருக்க, மைக்கேல் காலின்ஸ் தனியாகக் கலத்தில் சுற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சுற்றிலும் 40 நிமிடத்துக்கு மேல் யார் குரலும் அவருக்கு எட்டவில்லை.

இதே தவறு வேறு உருவங்களிலும் வரும். அந்த நாலு பிரதிகளில் ஒன்றில் எல்லாம் அறிந்த கணினி ஒன்று பிள்ளைகளுக்கு வழிசொல்லிக்கொண்டே வருகிறது. பக்கத்தில் பேராசிரியர் நிற்பதும் அதுவும் ஒன்றுதான். இன்னொன்றில் மூன்றுமுறை மட்டுமே வேலை செய்யும் என்று சொல்லி அறிமுகமாகும் கருவி, கடைசியில் நாலாவது தடவையும் வேலை செய்கிறது. "இந்தமுறை மட்டும் எப்படியோ" என்று எழுதியிருந்தார். அந்த "எப்படியோ"வைப் பிள்ளைகள் மன்னிக்க மாட்டார்கள். விளையாட்டில் விதியை மாற்றுகிறவனை அவர்கள் விட்டுவைப்பதில்லை, கதையில் மட்டும் எப்படி விடுவார்கள்?

நான் இப்போது செய்வது இது. எழுதத் தொடங்குமுன் இந்த உலகத்தில் எது முடியாது என்று ஒரு தாளில் மூன்று வரி எழுதி மேசைக்கு மேலே ஒட்டிவிடுவேன். கதை முட்டிக்கொண்டு நிற்கும்போது புதுக் கருவி ஒன்றைக் கண்டுபிடிக்கத்தான் கை போகும். அப்போது அந்தத் தாளைப் பார்ப்பேன். பெரும்பாலும் அந்த மூன்று வரியிலேயே ஒன்று அடுத்த காட்சியைக் கொடுத்துவிடும்.

கடைசியில் எல்லாம் கனவு

வேண்டவே வேண்டாம்.

கலைச்சொல் மழை

ஒரே பக்கத்தில் ஈர்ப்பியக்கி, ஒளியுந்து, உயிர்வளிக்கலன் மூன்றும் வந்தால் பிள்ளை அங்கேயே நின்றுவிடுவாள். ஒரு பக்கத்துக்கு ஒரு புதுச்சொல் போதும். அதிலும் முதலில் பொருள் வேலை செய்வதைக் காட்டிவிட்டுப் பிறகு பெயரைச் சொன்னால் மனதில் தங்கும். விவரிக்கும் இடத்தில் நல்ல தமிழ்ச்சொல் இருக்கட்டும், நான் அதில் பிடிவாதமாகவே இருக்கிறேன். ஆனால் பேச்சில், பிள்ளைகள் வாயில் ஆக்சிஜன் என்று வருவதை ஆக்சிஜன் என்றே விடுங்கள். மூச்சுத் திணறும் ஒரு பையன் "உயிர்வளி குறைகிறது" என்று சொல்ல மாட்டான்.

எடுத்த சொல்லைக் கடைசிவரை மாற்றாதீர்கள். ஒரு பிரதியில் விண்கலம், விண்ணூர்தி, விண்ஓடம் மூன்றும் மாறிமாறி வந்தன. நானே இரண்டு வண்டி இருக்கிறது என்று நினைத்து மூன்று பக்கம் படித்தேன்.

மாறிவிடும் எண்கள்

சனியின் நிலவுகள் 2019ல் 82 என்றார்கள். 2023ல் 140ஐத் தாண்டியது. 2025ல் 274. புளூட்டோ 2006ல் கோள் பட்டியலிலிருந்தே போனது. நூல் பத்தாண்டு நூலகத்தில் இருக்க வேண்டுமானால் இப்படிப்பட்ட எண்ணிக்கைகளில் கதையைக் கட்டாதீர்கள். வெள்ளி தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 243 பூமி நாள் ஆகிறது, சூரியனைச் சுற்றவோ 225 நாள்தான். செவ்வாயில் சூரியன் மறையும்போது அதைச் சுற்றி வானம் நீலமாகத் தெரியும். இவை மாறப்போவதில்லை, வியப்பும் கூடுதல்.

நாயகரின் வயது

வாசகரைவிட ஒன்றிரண்டு வயது கூடுதலாக வையுங்கள். பதினொரு வயதுப் பிள்ளை எட்டு வயது நாயகியின் கதையை எடுக்கவே மாட்டாள்.

சத்தமாகப் படித்துக் காட்டாமல் அனுப்புவது

வரைவை மூன்று நாலு பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுங்கள். எப்படி இருக்கிறது என்று கேட்காதீர்கள். நம் மனம் நோகக் கூடாதென்று "நல்லா இருக்கு" என்றுதான் சொல்வார்கள். படிக்கும்போது அவர்கள் கைகளைப் பாருங்கள். பாயின் கோரையை உருவத் தொடங்கினால் அந்த வரிக்கு நேரே பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். நான் இப்போது எழுதிக்கொண்டிருக்கும் நாவலில் 41ஆம் பக்கத்தில் ஐந்து கோடுகள் நெருக்கமாக விழுந்திருக்கின்றன. தரைக்கடியில் உள்ள பனியை உருக்கித் தண்ணீர் எடுப்பதை அங்கே விளக்கியிருந்தேன். குழாயில் முதல் சொட்டு விழும் சத்தம் வந்த வரியில்தான் எல்லாரும் நிமிர்ந்தார்கள். அதற்கு முன்னால் இருக்கிற ஒன்றரைப் பக்கத்தை நாளை எடுத்துவிடப் போகிறேன்.