டைஜெஸ்டின் ஒரு துண்டை வாசிக்கும் முறை

ரோமானியத் தனியார் சட்டத்தை அறிய விரும்புபவர், கி.பி. 533இல் பேரரசர் ஜஸ்டினியன் வெளியிட்ட டைஜெஸ்டில் ஒரேயொரு துண்டை எடுத்துக்கொண்டு அதனோடு ஒரு மாலைப் பொழுதைக் கழிப்பது, பெரிய வரலாற்று நூல்களில் தொடங்குவதைவிட மேலானது. பழைய சட்ட அறிஞர்களின் நூல்களிலிருந்து வெட்டியெடுத்து 50 புத்தகங்களாகத் தொகுக்கப்பட்ட அதில், 9.2.11 என்ற எண் 9ஆம் புத்தகத்தின் 2ஆம் தலைப்பிலுள்ள 11ஆம் துண்டைக் குறிக்கும்.

முதலில் துண்டின் தலைக்குறிப்பைப் பாருங்கள். இந்த 9.2.11ஐ எழுதியவர் உல்பியன் என்ற ரோமானியச் சட்ட அறிஞர். அவர் வாழ்ந்தது ஜஸ்டினியனுக்கு ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்கு முன்பு. தொகுத்தவர்களுக்கோ பழைய வாசகங்களைத் திருத்தும் உரிமை அளிக்கப்பட்டிருந்தது. ஆகவே ஒவ்வொரு சொல்லும் அவருடையதே என்று நம்பிவிடலாகாது.

அடுத்து, நிகழ்ச்சியை உங்கள் சொற்களில் எழுதுங்கள். சிலர் பந்து விளையாடுகிறார்கள். வேகமாக வந்த பந்து முடிதிருத்துபவரின் கையில் பட, அவர் சவரம் செய்துகொண்டிருந்த அடிமையின் கழுத்து அறுபடுகிறது. இங்கே வழக்கிடுபவர் யார் என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள்: பிறர் உடைமைக்கு விளைவித்த நட்டத்துக்கு ஈடு கோர வழிசெய்த ரோமானியச் சட்டமான அக்குவிலியச் சட்டத்தின்படி அடிமை உடைமையே ஆதலால், முந்தைய ஓராண்டில் அவனுக்கு இருந்த உச்ச விலையைக் கோருபவர் அவனுடைய எசமானர்.

பிறகு கருத்துகள் எங்கே பிரிகின்றன என்று தேடுங்கள். முடிதிருத்துபவரே பொறுப்பு என்கிறார், உல்பியன் மேற்கோள் காட்டும் முந்தைய சட்ட அறிஞர் புரோகுலுஸ். வழக்கமாக விளையாட்டு நடக்கும் இடத்திலோ நடமாட்டம் மிகுந்த இடத்திலோ சவரம் செய்திருந்தால் அவர்மீது குற்றம் உண்டு என்று உல்பியன் ஒப்புக்கொள்கிறார். ஆனால் ஆபத்தான இடத்தில் நாற்காலி போட்டிருப்பவரிடம் தன்னை ஒப்படைத்தவர் தன்னைத்தானே நொந்துகொள்ள வேண்டும் என்ற கருத்தும் தவறில்லை என்று உடனே சேர்க்கிறார். விதியை மட்டும் தேடுபவருக்கு இது எரிச்சலூட்டும். எனக்கோ இந்தத் தயக்கமே துண்டின் உயிர்நாடியாகத் தோன்றுகிறது.

இறுதியாக, அதே எண்ணைப் பிற்கால நூல்களில் பின்தொடருங்கள். ஒல்லாந்து அறிஞர் வூட் எழுதிய உரை டைஜெஸ்டின் தலைப்பு வரிசையிலேயே அமைந்திருப்பதால், 9.2ஐப் புரட்டினால் போதும். ரோமானியச் சட்டத்தை அடிப்படையாகக் கொண்டு ஒல்லாந்தில் வளர்ந்த ரோமன் டச்சுச் சட்டம் நிலவும் இலங்கையில், கவனயீனத்தால் நேர்ந்த நட்டத்துக்கான வழக்கு இன்றும் அக்குவிலியப் பெயராலேயே அழைக்கப்படுகிறது. ஆனால் ஒரு வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள்: இறந்தவர் சுதந்திர மனிதராக இருந்திருந்தால், வாழ்வாதாரம் இழந்த மனைவி மக்களுக்கு ரோமானியர் இச்சட்டத்தின்கீழ் வழக்குரிமை தரவில்லை, அதைச் சேர்த்தது ஒல்லாந்துச் சட்டம்.