புகை உணர்கருவியின் கீச்சொலியை நிறுத்திய விதம்
சிங்கப்பூரின் யீஷூன் வட்டாரத்தில் உள்ள எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில், கூடத்துக் கூரையில் பொருத்திய புகை உணர்கருவி, விடியற்காலையில் நிமிடத்துக்கு ஒருமுறை ‘கீச்’ என ஒலிக்கத் தொடங்கியது. வெப்பநிலை தணியும்போது, வலுவிழந்த மின்கலத்தின் மின்னழுத்தம் மேலும் குறைவதால், இவ்வெச்சரிக்கை பெரும்பாலும் அந்நேரத்தில்தான் எழும். புதிய 9 வோல்ட் மின்கலத்தை இட்ட பின்னும் ஒலி ஓயவில்லை. ஆகவே கருவியைத் திருகிக் கழற்றி, மின்கலத்தை எடுத்துவிட்டு, சோதனைப் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்து, எஞ்சிய மின்னூட்டத்தை வடித்தேன். பிறகு துளைகளை மென்தூரிகையால் துடைத்தபோது, சாம்பல் நிறத் தூசியோடு சிறு பூச்சியொன்றின் இறகும் உதிர்ந்தது. நாள்தோறும் சாம்பிராணி காட்டும் வீடுகளில் இத்துளைகளைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். மின்கலத்தை மீண்டும் பொருத்தியதும் கீச்சொலி நின்றது. பொத்தானை அழுத்தியபோது அபாயமணி உரக்க ஒலித்தது. பின்புறத்தில் பொறித்துள்ள தயாரிப்பு ஆண்டிலிருந்து 10 ஆண்டுகள் கடந்திருந்தால், துடைத்துப் பயனில்லை. கருவியையே மாற்ற வேண்டும். தொல்லை தாங்காமல் மின்கலத்தைக் கழற்றி வைத்துவிடுவது உயிருக்கே ஆபத்து.