புரோப்பிலீன் கார்பனேட்: வரைந்தும் கலக்கியும் பழகுவோம்

லித்தியம் பேட்டரி பற்றிப் படிக்கப் போனால் இந்தக் கரைப்பான் கண்ணில் படாமல் இருக்காது. ஒரு தாளும் இரண்டு சோதனைக்குழாயும் இருந்தால் போதும், இதன் குணத்தைப் பிடித்துவிடலாம்.

படி 1: வரையுங்கள்

ஐந்து மூலை வளையம் ஒன்று போடுங்கள். மூன்று மூலையில் கார்பன், இரண்டில் ஆக்சிஜன். ஆக்சிஜன்களுக்கு நடுவே ஒரு கார்பன் வரட்டும்; அதிலிருந்து வெளியே இன்னொரு ஆக்சிஜனை இரட்டைப் பிணைப்பில் நீட்டுங்கள். மற்ற இரு கார்பன்களில் ஒன்றுக்கு மீத்தைல் (CH₃) தொகுதி. ஆக்சிஜன் எல்லாம் ஒரே பக்கம் குவிந்துவிட்டது, பார்த்தீர்களா? அதனால்தான் இதற்கு இவ்வளவு முனைவுத்தன்மை, அதாவது மூலக்கூறின் ஒரு பக்கம் எதிர்மின்னூட்டமும் மறுபக்கம் நேர்மின்னூட்டமும் சற்றுக் கூடியிருக்கும் குணம். மின்காப்பு மாறிலி, அதாவது உப்பின் அயனிகளுக்கு இடையிலான ஈர்ப்பைக் கரைப்பான் எவ்வளவு தளர்த்தும் என்று காட்டும் எண், இதற்குச் சுமார் 65, தண்ணீருக்கு 78. ஆனால் தண்ணீரில் இருப்பதுபோல ஆக்சிஜனோடு ஒட்டிய ஹைட்ரஜன் இங்கே ஒன்றுகூட இல்லை.

படி 2: தண்ணீரில் கலக்குங்கள்

கண்ணை எரிச்சலூட்டும் திரவம் இது, பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். 10 மில்லி தண்ணீரில் 1 மில்லி விடுங்கள். நிறமற்ற துளி நேராக அடிக்குப் போகும், குலுக்கினால் கரைந்துவிடும். இன்னும் 9 மில்லி சேர்த்துக் குலுக்கி வையுங்கள். இப்போது இரண்டு அடுக்கு தெரியும். அடர்த்தி 1.2 என்பதால் கீழே நிற்பதுதான் நம் கரைப்பான்.

படி 3: உப்பைப் போடுங்கள்

தண்ணீர் படாத இன்னொரு குழாயில் கொஞ்சம் கரைப்பானை எடுத்து, ஒரு சிட்டிகை சாப்பாட்டு உப்பைப் போட்டுக் குலுக்குங்கள். உப்பு அப்படியே அடியில் கிடக்கும். 65 என்ற எண்ணை மட்டும் நம்பினால் இங்கேதான் ஏமாறுவோம். சோடியம் அயனியை ஆக்சிஜன்கள் பிடித்துக்கொள்ளும்; குளோரைடைப் பிடிக்கத்தான் ஆக்சிஜனோடு ஒட்டிய ஹைட்ரஜன் இல்லை. பேட்டரிக்கு ஹெக்சாபுளோரோபாஸ்பேட் போன்ற பெரிய எதிரயனி (லித்தியத்துக்கு இணையாக நிற்கும் எதிர்மின்னூட்ட அயனி) கொண்ட லித்தியம் உப்பைத் தேடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

படி 4: தயாரிப்பு, தாளில் மட்டும்

58 கிராம் புரோப்பிலீன் ஆக்சைடும் 44 கிராம் கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்தால் 102 கிராம் புரோப்பிலீன் கார்பனேட். கழிவாக ஓர் அணுகூட வெளியேறுவதில்லை, அதுதான் இந்த வினையின் அழகு. வினையூக்கியில் உள்ள புரோமைடு, புரோப்பிலீன் ஆக்சைடின் மூன்று மூலை வளையத்தைத் திறக்கும். கார்பன் டை ஆக்சைடு நுழையும். ஐந்து மூலை வளையம் மூடும்போது புரோமைடு கழன்றுகொள்ளும். புரோப்பிலீன் ஆக்சைடு 34 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும், சட்டென்று தீப்பிடிக்கும், புற்றுநோய் அபாயமும் உண்டு. ஆகவே செய்து பார்க்க வேண்டாம்.

படி 5: பயன்கள்

கொதிநிலை 242, உறைநிலை மைனஸ் 49 டிகிரி. இவ்வளவு அகலமான திரவ நிலை பேட்டரிக்கு வரம். 1958-ல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஹாரிஸ் என்ற ஆய்வாளர் செய்த ஆய்வு, லித்தியத்தைத் தண்ணீரில்லாத இத்தகைய கரைப்பான்களில் கையாள வழி காட்டியது. ஆனால் பேட்டரியின் எதிர்மின்வாயில் உள்ள, அடுக்கடுக்கான கார்பனான கிராஃபைட்டோடு இது ஒத்துப்போகாது: லித்தியத்தோடு சேர்ந்து அடுக்குகளுக்குள் புகுந்து அவற்றை உரித்துவிடும். மீத்தைல் இல்லாத எத்திலீன் கார்பனேட்டோ கிராஃபைட் மேல் காப்புப் படலம் அமைக்கும். ஒரே ஒரு மீத்தைல், எவ்வளவு வித்தியாசம்! அப்புறம், இயற்கை வாயுவிலிருந்து கார்பன் டை ஆக்சைடை நீக்கவும், பெயின்ட் உரிக்கவும், அழகுசாதனங்களிலும் இது பயன்படுகிறது.

சோதனை முடிந்ததும் குழாயில் உள்ளதைத் தொட்டியில் கொட்டாமல் கரிமக் கழிவுப் புட்டியில் சேருங்கள். மீதமுள்ள புட்டியை இறுக மூடி வையுங்கள். காற்றின் ஈரத்தை இது இழுத்துக்கொள்ளும்.