நாற்பது வீட்டு ஊருக்கு விளக்கும் தண்ணீரும் கேட்டு வாங்குவது எப்படி

திருவொற்றியூரில் குடியிருந்தாலும் ஊர் என்றால் எங்களுக்கு மீஞ்சூர் தாண்டி உள்ளே இருக்கும் நாற்பது வீடுதான். கடல்நீர் நிலத்தடியில் ஏறியதில் போர் தண்ணீரெல்லாம் உப்பு. கடல்நீரைக் குடிநீராக்கி வடசென்னைக்கு அனுப்பக் காட்டுப்பள்ளியில் 2010-லேயே ஆலை திறந்துவிட்டார்கள், பக்கத்து ஊர்க்காரன் குடத்தோடு நிற்கிறான். சரி, புலம்பல் போதும்.

இந்த மாதிரி சின்ன ஊருக்கு எது வேண்டுமானாலும் முதலில் போக வேண்டிய இடம் கிராம சபை. வருஷத்துக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பவர்கள்தான் உறுப்பினர்கள். என் ஓட்டு திருவொற்றியூரில் இருப்பதால் நான் ஓரமாக நின்று சித்தப்பாவைப் பேசவிடுவேன். தலைக்கணக்கும் முக்கியம். 501 முதல் 3000 பேர் வரை உள்ள ஊராட்சி என்றால் 100 பேராவது வர வேண்டும், அதனால் முந்தின நாள் ராத்திரியே வீடு வீடாகச் சொல்லிவிடுங்கள், குறிப்பாகப் பெண்களிடம், தண்ணீர்க் கதை அவர்களுக்குத்தான் முழுசாகத் தெரியும்.

கேட்பதைப் பொதுவாகக் கேட்காதீர்கள். ‘தெருவிளக்கு வசதி செய்து தர வேண்டும்’ என்று எழுதினால் அது எந்தத் தெருவுக்கும் பொருந்தும். ‘மாரியம்மன் கோயில் எதிரே உள்ள மின்கம்பத்தில் விளக்கு இல்லை’ என்று எழுதி, கம்பத்தில் பெயிண்டில் இருக்கும் எண்ணையும் போடுங்கள். ரேஷன் கடை, அங்கன்வாடி, சுடுகாட்டுப் பாதை எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

அப்புறம் கையெழுத்து. ஒரு தடவை டீயும் பிஸ்கட்டும் கொடுத்துவிட்டு நோட்டை நீட்டினார்கள், பாதிப் பக்கம் வெள்ளையாக இருந்தது, எங்கள் ஆட்கள் வரிசையாகப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். பிறகு பார்த்தால் எங்கள் கோரிக்கை அதில் ஒரு வரிகூட இல்லை. தீர்மானத்தை எழுதி முடித்து, சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள். அந்தப் பக்கத்தைப் போனில் படமும் எடுத்து வையுங்கள். நகல் தர இழுத்தடித்தால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

அதற்கும் அசையவில்லை என்றால் திங்கட்கிழமை திருவள்ளூர் கலெக்டர் ஆபீஸில் மனு. தீர்மான நகலை இணைத்து, ரசீது எண்ணை வாங்கிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். ஒரு நாள் கூலி போகும், இரண்டு பேர் போனால் போதும்.