இடைவெளிக்குப் பிறகு சிம் ரேசிங்கும் கார்ட்டிங்கும்: பிரேக் காலிலிருந்து தொடங்குங்கள்

கம்ப்யூட்டரில் ஸ்டியரிங், பெடல் வைத்து ஓட்டும் சிம் ரேசிங்கிலோ, சின்னத் திறந்த வண்டியில் தடத்தில் ஓட்டும் கார்ட்டிங்கிலோ ஆறு மாதமோ, ஒன்றிரண்டு வருடமோ ஸ்டியரிங்கைத் தொடாமல் இருந்துவிட்டு மறுபடி உட்கார்ந்தால் முதல் அரை மணி நேரம் நம்மை ஏமாற்றும். வளைவுகள் கைக்கு ஞாபகம் இருக்கும். கியர் மாற்றுவதும் தானாக வரும். பழைய லேப் நேரத்துக்கு (ஒரு சுற்றை முடிக்கும் நேரம்) இரண்டு விநாடி பக்கத்தில் வந்து நிற்பீர்கள். அந்த இரண்டு விநாடியைத் துரத்தும்போதுதான் கெட்ட பழக்கமெல்லாம் வந்து ஒட்டிக்கொள்கிறது. இடைவெளியில் உண்மையில் மழுங்கிப்போவது பிரேக்கை எவ்வளவு நிதானமாக விடுவது என்கிற பதம். அது திரும்பும் வரை லேப் நேரத்தை மறைத்து வைத்துவிடுங்கள்.

மதுரைக்காரர்களுக்கு முறையான ரேஸ் தடம் என்றால் கோவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே, இல்லையென்றால் சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை. முன்னது போக மட்டும் ஏறக்குறைய நான்கு மணி நேரம்; பின்னது ஒரு பகலையே தின்றுவிடும். அதனால் வீட்டு சிம்மில் பதத்தை எடுத்துக்கொண்டு, உடம்பையும் தேற்றிக்கொண்டு, அப்புறம் காசைச் செலவழித்துத் தடத்துக்குப் போவதுதான் புத்திசாலித்தனம்.

முதலில் மெஷின்

நெடுநாள் அணைத்து வைத்த கம்ப்யூட்டரை நேராக ஆன் செய்ய வேண்டாம். பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பாருங்கள். நம் ஊர்த் தூசி ஒரு பக்கம், எறும்பும் பல்லியும் இன்னொரு பக்கம். பவர் சப்ளைக்குள் எறும்புப் புற்று இருந்தால் முதல் ஆனிலேயே ஷார்ட் ஆகலாம். பிளோயர் அடிக்கும்போது விசிறி இறக்கைகளை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் அதிவேகமாகச் சுற்ற விட்டால் பேரிங் போய்விடும்.

ஆன் ஆனதும் தேதி பழைய வருடத்தைக் காட்டினால் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். அதை மாற்றுவது மட்டும் போதாது. பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை நிரல்) அமைப்பு அழிந்து ரேமின் எக்ஸ்எம்பி (ரேமை முழு வேகத்தில் ஓடவைக்கும் அமைப்பு) அணைந்திருக்கும், ரேம் குறைந்த வேகத்தில் ஓடும், விளையாட்டு அங்கங்கே திக்கும். பலர் கிராபிக்ஸ் கார்டைச் சந்தேகப்பட்டு அலைவது இதனால்தான். பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பியைத் திரும்ப ஆன் செய்யுங்கள். விண்டோஸ் பவர் அமைப்பில் யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டையும் (சும்மா இருக்கும் யுஎஸ்பி கருவியைத் தூங்கவைக்கும் அமைப்பு) அணைத்துவிடுங்கள். ஓட்டத்தின் நடுவே ஸ்டியரிங் செத்துப்போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஸ்டியரிங்கும் பெடலும் மாட்டிய இரும்புச் சட்டமான ரிக்கைத் தொட்டால் சுள்ளென்று கடிக்கிறதா? எர்த் இல்லை. பழைய வீட்டு இரண்டு முள் பிளக்கில் ஓட்டாமல், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மூன்று முள் பாயின்ட் இழுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து பெடல். லாஜிடெக் ஜி29, ஜி923 போன்ற ஸ்டியரிங் செட்டுகளின் பெடலில் இருப்பது பொட்டென்ஷியோமீட்டர். பழைய ரேடியோவில் வால்யூம் குமிழைத் திருகினால் கரகரக்குமே, அதே நோய் இதற்கும் வரும். விண்டோஸ் ரன் பெட்டியில் ஜாய்.சிபிஎல் (joy.cpl) திறந்து, பிரேக்கை மிக மெதுவாக, ஐந்து விநாடி எடுத்து அழுத்துங்கள். பட்டை வழுக்கிக்கொண்டு ஏற வேண்டும். நடுவில் குதித்தாலோ, காலை எடுத்த பிறகும் இரண்டு மூன்று சதவீதம் மிச்சம் நின்றாலோ உள்ளே அழுக்கு. வயரைக் கழற்றிவிட்டு அடிப்பக்க ஸ்க்ரூக்களைத் திறந்து, பொட்டென்ஷியோமீட்டரின் இடுக்கில் எலக்ட்ரிக்கல் கான்டாக்ட் கிளீனர் ஒரு சிறு பீச்சு. பெடலை முப்பது நாற்பது தடவை முழுக்க மிதித்து விடுங்கள். கால் மணி நேரம் காயட்டும். சாதாரண டபிள்யூடி-40 அடிக்காதீர்கள். அது விட்டுப்போகும் எண்ணெய்ப் படலம் அடுத்த மாதத் தூசியை வரவேற்று உட்காரவைக்கும். சுத்தம் செய்தும் குதித்தால் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டியதுதான்.

லோட் செல் பெடல் (மிதிக்கும் தூரத்தை அல்ல, அழுத்தத்தை அளப்பது) வைத்திருப்பவர்கள் முழு பிரேக்குக்கான எடையைக் குறைத்து மறுபடி காலிபரேட் செய்யுங்கள். முன்பு 60 கிலோவில் வைத்திருந்தால் இப்போது 40 போதும். கால் தளர்ந்திருக்கும்போது பழைய எடையை வைத்தால் இடுப்பைத் தூக்கி மிதிக்கத் தொடங்குவீர்கள். இடுப்பு அசைந்தால் கால் ஒவ்வொரு முறையும் வேறு இடத்திலிருந்து புறப்படும், பதம் எப்படி வரும்? வாரத்துக்கு ஐந்து கிலோ ஏற்றினால் போதும். ஃபோர்ஸ் ஃபீட்பேக்கையும் (ஸ்டியரிங் கையில் திருப்பித் தரும் விசை) முன்பிருந்ததில் கால்பங்கு குறையுங்கள். டைரக்ட் டிரைவ் ஸ்டியரிங் (மோட்டாரில் நேராக மாட்டியது) என்றால் கட்டைவிரலை ஆரக்கால்களுக்கு இடையில் நுழைக்காமல், வளையத்தின் மேலேயே வைத்துப் பழகுங்கள். சுவரில் மோதும் நொடியில் ஸ்டியரிங் திருகும் திருகில் விரல் சுளுக்குவது இப்படித்தான்.

நாற்காலியோ மானிட்டரோ இடம் மாறியிருந்தால் விளையாட்டில் காட்சி எவ்வளவு அகலமாகத் தெரிய வேண்டும் என்கிற பார்வைக்கோணத்தைக் கணக்கிட்டு வையுங்கள், கண்ணளவில் வேண்டாம். திரையின் உயரத்தில் பாதியை, கண்ணுக்கும் திரைக்கும் உள்ள தூரத்தால் வகுத்து, அதன் ஆர்க்டேனை (கால்குலேட்டரில் tan⁻¹) இரண்டால் பெருக்கினால் செங்குத்துக் கோணம். 27 அங்குல மானிட்டரின் உயரம் 33.6 செ.மீ. கண்ணிலிருந்து 60 செ.மீ. தள்ளி இருந்தால் 31 டிகிரி வரும். அசெட்டோ கோர்சா என்கிற சிம் விளையாட்டில் போட வேண்டிய எண் இதுதான். முதலில் குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் குறுகலாகத் தெரியும். இரண்டு நாளில் பழகிவிடும். கோணத்தை அகலமாக வைத்தால் வளைவு தூரத்தில் இருப்பதாகத் தோன்றும், பிரேக் அடிப்பது தாமதமாகும்.

பதத்தைத் திரும்ப எடுப்பது

ஒரே கார், ஒரே தடம். மஸ்டா எம்எக்ஸ்-5 மாதிரி சக்தி குறைந்த கார் எடுங்கள். தடம் சிறியதாக இருக்கட்டும். இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹேட்ச் இண்டி சரியான தேர்வு. 2 கி.மீ.க்கும் கொஞ்சம் குறைவு, லேப் ஒரு நிமிடத்தை ஒட்டி முடியும், ஒரே வளைவு திரும்பத் திரும்பக் கிடைக்கும். முதல் வாரம் தினம் இருபது நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். களைத்த கால் தப்பான பதத்தைத்தான் மனப்பாடம் செய்யும்.

பயிற்சியை அந்தத் தடத்தின் கொண்டை ஊசி வளைவான ட்ரூயிட்ஸ் ஹேர்பின்னில் தொடங்குங்கள். அது மேட்டில் ஏறும் வளைவு. ஏற்றமே வண்டியைப் பாதி நிறுத்திக்கொடுக்கும், தப்புச் செய்தாலும் மன்னிக்கும். நேராக இருக்கும்போதே பிரேக்கை ஒரே மூச்சில் 80 சதவீதத்துக்குக் கொண்டுபோங்கள். ஸ்டியரிங்கைத் திருப்பத் தொடங்கும் அதே நொடியில் பிரேக்கை விடவும் தொடங்கி, வளைவின் உள்முனையைத் தொடும்போது பூஜ்யத்துக்கு வாருங்கள். விடுவதற்கு மட்டும் ஒரு விநாடி, ஒன்றரை விநாடி ஆகட்டும்.

பெடல் வரைபடத்தைத் திரையில் போட்டுப் பாருங்கள். ஏறும் பக்கம் சுவர் மாதிரி செங்குத்தாகவும், இறங்கும் பக்கம் நீண்ட சரிவாகவும் இருக்க வேண்டும். இடைவெளிக்குப் பிறகு வருபவர்களின் வரைபடம் பெரும்பாலும் படிக்கட்டாக இருக்கும்: அழுத்தம், சட்டென்று விடுதல், மறுபடி ஒரு சின்ன அழுத்தம். காரணம் பயம். சீக்கிரமே ஓங்கி மிதித்து, ரொம்பவே வேகம் குறைந்துவிட்டது என்று காலை எடுத்து, இன்னும் வேகம் இருக்கிறதே என்று திரும்ப மிதிப்பது. சட்டென்று விட்டதும் முன் சக்கரங்களின் மேல் இருந்த பாரம் பின்னால் போய்விடும், மூக்கு தூக்கும், முன் டயருக்குப் பிடிப்பு குறையும், கார் வெளியே ஓடும். ஓட்டுபவர் இன்னும் ஸ்டியரிங்கைத் திருப்புவார், டயர் தேய்ந்து சூடாவதுதான் மிச்சம். இதற்கு மருந்து, பிரேக் பிடிக்கத் தொடங்கும் புள்ளியை வளைவிலிருந்து இன்னும் 10 மீட்டர் விலக்கி வைத்துவிட்டு, விடும் சரிவை மட்டும் நீட்டுவது. நேரம் கொஞ்சம் போகும். போகட்டும்.

ட்ரூயிட்ஸ் சரியான பிறகு அதே தடத்தின் முதல் வளைவான பேடக் ஹில்லுக்கு வாருங்கள். இது இறக்கம், மன்னிக்காது. சட்டென்று விட்டால் முன்பக்கம் வெளியே ஓடும். திரும்பும்போதும் பிரேக்கைப் பிடித்துத் தொங்கினால் பின்பக்கம் சுற்றிக்கொண்டு வரும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஒல்லியான இடத்தைக் கால் தேடிக் கண்டுபிடிக்கத்தான் இத்தனை பாடும்.

தேர்வு எப்படி? தடத்தை விட்டு வெளியே போகாமல் தொடர்ந்து பத்து லேப் ஓட்டுங்கள். சிறந்த லேப்புக்கும் மோசமான லேப்புக்கும் உள்ள வித்தியாசம் அரை விநாடிக்குள் இருந்தால் பாஸ். அதுவரை ஆன்லைன் ரேஸ் பக்கம் போகாதீர்கள். ஐரேசிங் மாதிரி ஆன்லைன் சிம்மில் சேஃப்டி ரேட்டிங்கை (மோதாமல் ஓட்டுவதற்கான மதிப்பெண்) கரைத்துக்கொண்டு அடுத்தவர் ரேஸையும் கெடுப்பதுதான் நடக்கும்.

கார்ட்டுக்கு மாறும்போது

காரில் எடுத்த பதத்தை அப்படியே கார்ட்டில் போட்டால் சுற்றி நிற்பீர்கள். வாடகை கார்ட்டில் பிரேக் பின் அச்சில் மட்டும்தான். திரும்பிக்கொண்டே பிரேக் பிடித்தால் பின் சக்கரம் இறுகி வண்டி சுழன்றுவிடும். அதனால் பெரும்பகுதி பிரேக் நேர்க்கோட்டிலேயே முடிய வேண்டும். இன்னொன்று, கார்ட்டுக்கு டிஃபரென்ஷியல் (இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் அமைப்பு) கிடையாது. இரண்டு பின் சக்கரமும் ஒரே அச்சில் ஒரே வேகத்தில் சுற்றும். வளைவில் உள்பக்கப் பின் சக்கரம் லேசாகத் தரையை விட்டு எழும்பினால்தான் வண்டி திரும்பும். அதை எழுப்புவது ஸ்டியரிங்தான். மிக மென்மையாகத் திருப்பினால் சக்கரம் எழும்பாது, வண்டி நேராகத் தள்ளும். திருப்பிப் பிடித்துக்கொண்டே இருந்தால் வேகம் செத்துவிடும். ஆரம்பத்தில் தெளிவாக ஒரு திருப்பு, சக்கரம் எழும்பியதும் கையைத் தளர்த்துதல். ஹோண்டா ஜிஎக்ஸ்200, ஜிஎக்ஸ்270 இன்ஜின் போட்ட வாடகை கார்ட்டுகளுக்குச் சக்தி கம்மி, எடை அதிகம்; ஒரு சறுக்கலில் இழந்த ஆர்பிஎம்மை மீட்க அடுத்த நேர்ச்சாலை முழுவதும் வேண்டும்.

சிம்மில் இதற்கு ஆட்டோமொபிலிஸ்டா 2, கார்ட் ரேசிங் ப்ரோ இரண்டும் உதவும். ஸ்டியரிங் சுற்றை 180 டிகிரியை ஒட்டிச் சுருக்கிக்கொள்ளுங்கள். இடது காலால் மட்டும் பிரேக். இரண்டு பெடலையும் சேர்த்து மிதிக்கும் பழக்கத்தை வீட்டிலேயே ஒழித்துவிடுங்கள்; தடத்தில் அது கிளட்ச்சைக் கருக்கும், தடத்துக்காரர் கொடியோடு ஓடி வருவார்.

சிம் சொல்லித்தராதது உடம்பு. கழுத்து, முன்னங்கை, விலா மூன்றும் அடிவாங்கும். தடத்துக்குப் போவதற்கு மூன்று வாரம் முன்பிருந்து, உள்ளங்கையைத் தலையின் பக்கவாட்டில் வைத்து, தலையை அசைக்காமல் எதிர்த்து அழுத்துங்கள். பத்து விநாடி, பக்கத்துக்கு ஐந்து முறை. ஈரத் துண்டை இறுக்கிப் பிழிவது முன்னங்கைக்கு. விலாவுக்கு உடற்பயிற்சி கிடையாது. விலாக் கவசம் வாங்கிவிடுங்கள். சீட் தொளதொளவென்றிருந்தால் இடையில் மெத்தை கேளுங்கள், ஏனென்றால் விலா கன்றிப்போவது சீட்டின் விளிம்பில் மோதி மோதித்தான்.

சொந்த கார்ட் வைத்திருப்பவர்கள் அதையும் எழுப்ப வேண்டும். டேங்கிலும் கார்புரேட்டரின் ஃப்ளோட் கிண்ணத்திலும் நிற்கும் பழைய பெட்ரோலை முழுவதும் கொட்டுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும், ஜெட் துளைகளில் பிசின் கட்டியிருக்கும். ரோட்டாக்ஸ் மேக்ஸ் கார்ட் இன்ஜினுக்குப் பெட்ரோலில் கலக்கும் ஆயில் 2 சதவீதம், அதாவது 5 லிட்டருக்கு 100 மில்லி, அன்றைக்குத் தேவையானதை மட்டும் கலந்துகொள்ளுங்கள். பிரேக் ஆயில் வருடம் தாண்டியிருந்தால் மாற்றுங்கள். ஸ்டியரிங் தண்டு, கிங்பின் போல்ட், அச்சின் பேரிங் ஸ்க்ரூ எல்லாவற்றிலும் ஒருமுறை ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். நகம் வைத்தால் அமுங்காத அளவுக்கு இறுகிய டயரில் காற்றை எப்படி மாற்றினாலும் பிடிப்பு வராது.

தடத்தில்

கத்திரி வெயிலில் போகாதீர்கள். கார்த்திகையிலிருந்து மாசி வரை நல்ல காலம். மற்ற மாதங்களில் காலை முதல் ஸ்லாட் அல்லது ஐந்து மணிக்கு மேல். வழியில் பரோட்டா சால்னாவைத் திரும்பி வரும்போது வைத்துக்கொள்ளலாம். உப்பு சர்க்கரைக் கரைசல் ஒரு லிட்டர் கையில் இருக்கட்டும்.

ஹெல்மெட்டுக்கு ஐந்து வருடம் ஆகியிருந்தாலோ, ஒருமுறை கீழே விழுந்திருந்தாலோ புதியது. ஷூ லேஸ் உள்ளே செருகியிருக்க வேண்டும். நீண்ட முடி ஹெல்மெட்டுக்கும் சட்டைக்கும் உள்ளே; துப்பட்டா, தொங்கும் துண்டு எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. சுற்றும் பின் அச்சில் துணியோ முடியோ சிக்கினால் உயிர் போகும். இதில் விளையாட்டு வேண்டாம்.

முதல் செஷனின் முதல் இரண்டு லேப்பில் டயர் சில்லிட்டிருக்கும், பாதி வேகம் போதும். மிச்ச லேப்களில் எழுபது எண்பது சதவீதத்தைத் தாண்டாதீர்கள். கண் அடுத்த வளைவிலேயே இருக்கட்டும், முன் சக்கரத்தில் அல்ல. இறங்கி அரை மணி நேரம் ஓய்வு, அப்புறம் இரண்டாவது. முன்னங்கை கல்லாகி விரல் பிடி தளர்ந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். நான்காவது செஷனுக்குக் கட்டிய காசு போனாலும் பரவாயில்லை.

சொந்த டயரில் ஓட்டினால் காற்றழுத்தத்தை ஓட்டத்துக்கு முன்னும், இறங்கிய உடனேயும் எழுதி வையுங்கள். 12 பிஎஸ்ஐயில் கிளம்பிய டயருக்குள் இருக்கும் காற்று 20 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 2 பிஎஸ்ஐ கூடும். காலை எட்டு மணிக்குச் சரியாக இருந்த அழுத்தம் பதினொரு மணிக்குக் கூடுதலாக நிற்பது இதனால்தான். வண்டி வழுக்குகிறதே என்று உங்கள் ஓட்டத்தைக் குறை சொல்லும் முன் அரை பிஎஸ்ஐ இறக்கிப் பாருங்கள்.