ரெண்டு வழி முன்னாடி இருக்கு, தேவ சித்தம் எதுன்னு எப்படி முடிவு பண்றது?

போன மாசம் வாலிபர் கூடுகை முடிஞ்சதும் ஒரு தம்பி பைக் பக்கத்துல நின்னுக்கிட்டு கேட்டான், "அக்கா, கோயம்புத்தூர்ல ஒரு வேலை, துபாய்ல ஒரு வேலை, ரெண்டும் கையில இருக்கு, 3 வாரமா ஜெபிக்கிறேன், ஒரு பதிலும் வரல, தப்பானத எடுத்துட்டா ஆண்டவர் எனக்கு வச்சிருக்கிற திட்டமே கெட்டுப் போயிருமே"ன்னு. எனக்கு அந்த பயம் நல்லா தெரியும். நானும் அதோட ரொம்ப வருஷம் வாழ்ந்திருக்கேன், கல்யாணம், வேலை, வீடு எல்லாத்துலயும் தேவனோட சித்தம்ங்கிறத ஒளிச்சு வச்ச பரீட்சை பேப்பர் மாதிரி நெனச்சு, சரியான விடையை எழுதலன்னா காலி அப்படின்னு நடுங்கியிருக்கேன். அதனால இப்ப ஒரு முடிவு எடுக்கணும்னா நான் என்னென்ன செய்றேன், அவனுக்கு என்ன சொன்னேன்ங்கறத கொஞ்சம் விரிவா எழுதுறேன், இதே மாதிரி முழிச்சுக்கிட்டு இருக்கிறவங்களுக்கு உதவும்.

பேப்பர் பேனா எடுக்குறதுக்கு முன்னாடி ஆதியாகமம் 2-ஆம் அதிகாரத்தை ஒரு தடவை மெதுவா வாசிங்க. தேவன் ஆதாம்கிட்ட, தோட்டத்துல இருக்கிற எல்லா மரத்தோட கனியையும் "புசிக்கவே புசிக்கலாம்"னு சொல்லிட்டு ஒரே ஒரு மரத்தை மட்டும்தான் வேண்டாம்னாரு. ஆதாம் தினமும் காலைல எந்திரிச்சு இன்னிக்கு எந்த பழம் உமது சித்தம்னு கேட்டதா வேதத்துல இல்ல. அப்புறம் 19-வது வசனம், எனக்கு ரொம்ப பிடிச்சது, மிருகங்களை எல்லாம் ஆதாம்கிட்ட கொண்டு வந்து விடுறாரு, எதுக்கு, "என்ன பேரிடுவான் என்று பார்க்கும்படி". பேரு லிஸ்ட் முன்னாடியே எழுதி வச்சிட்டு ஆதாம் சரியா கண்டுபிடிக்கிறானான்னு பாக்கல, அவன் என்ன பேர் வச்சானோ அதுதான் பேராச்சுன்னு இருக்கு. தன் பிள்ளை ஒரு முடிவு எடுக்குறத பக்கத்துல நின்னு ஆசையா பாக்குற அப்பா அவரு. இது உள்ள இறங்கலன்னா மத்த எதை செஞ்சாலும் பயத்தோடதான் செய்வோம்.

இப்ப ஒரு நோட்டை எடுத்து உங்க கேள்வியை ஒரே வரியில எழுதுங்க. எழுதிட்டு இது எந்த வகைன்னு பாருங்க. வேதம் நேரடியா வேண்டாம்னு சொன்னதா? லஞ்சம் குடுத்து வேலை வாங்கலாமா, வரதட்சணை கேக்கலாமா, இன்னொருத்தர் மனைவி மேல ஆசை வைக்கலாமா இந்த மாதிரி கேள்விக்கு 21 நாள் உபவாசம் தேவையே இல்ல, பதில் ஏற்கனவே எழுதியிருக்கு, அதுக்கு மேல ஜெபிக்கிறேன்னு சொல்றது நேரத்தை இழுக்குறதுதான். வேதம் நேரடியா செய்னு சொன்னதா? "நீங்கள் பரிசுத்தமுள்ளவர்களாகவேண்டுமென்பதே தேவனுடைய சித்தமாயிருக்கிறது"ன்னு 1 தெசலோனிக்கேயர் 4:3-ல அப்படியே இருக்கு. மீகா 6:8-ல நியாயம் செய், இரக்கத்தை நேசி, தாழ்மையா நடன்னு இருக்கு. நாம தேவ சித்தம் தெரியல தெரியலன்னு அழுதுகிட்டே இந்த தெரிஞ்ச சித்தத்தை ஓரமா வச்சிருவோம். அந்த தம்பிகிட்டயும் முதல்ல இதைத்தான் கேட்டேன், அப்பாகிட்ட பேசி எத்தனை நாள் ஆச்சுன்னு. 4 மாசமாம். துபாயா கோயம்புத்தூரான்னு அப்புறம் பாப்போம், இன்னிக்கு ராத்திரி அப்பாவுக்கு போன் போடுன்னேன்.

ரெண்டு வகையிலயும் சேராத கேள்விதான் மிச்சம், ரெண்டுமே நல்லது, ரெண்டுமே பாவம் இல்ல. அங்க உங்களுக்கு நிஜமாவே சுதந்திரம் இருக்கு. 1 கொரிந்தியர் 16:12-ஐ பாருங்க, பவுல் தன்கூட ஊழியம் செஞ்ச அப்பொல்லோவை கொரிந்துவுக்கு போகச் சொல்லி ரொம்ப கேட்டிருக்காரு, ஆனா "இப்பொழுது வர அவனுக்கு மனதில்லை, அவனுக்குச் சமயமுண்டாயிருக்கும்போது வருவான்"னு எழுதி அடுத்த விஷயத்துக்கு போயிட்டாரு. அப்போஸ்தலனே கேட்டும் அவருக்கு மனசு இல்ல, அதுக்கு ஒரு கண்டிப்பும் இல்ல. இந்த வசனத்தை நான் ரொம்ப நாள் கவனிக்காமலே தாண்டிப் போயிருக்கேன்.

அடையாளம் கேக்குறதைப் பத்தி கொஞ்சம் நேரம் எடுத்து சொல்லணும், ஏன்னா நம்ம சபைகள்ல இதுல விழுறவங்கதான் அதிகம். கண்ண மூடிக்கிட்டு வேதத்தை திறந்து விரல் வைக்கிறது, வசனம் எழுதின சீட்டு போட்டு வச்ச வாக்குத்தத்த பெட்டியில இருந்து ஒரு சீட்டை உருவுறது, டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில கையில வந்த வசன அட்டையை வச்சு வருஷம் முழுக்க முடிவு எடுக்குறது. பி.எட். முடிச்ச புதுசுல நானும் இதைத்தான் செஞ்சேன், ரெண்டு ஸ்கூல்ல கூப்பிட்டிருந்தாங்க, "ஆண்டவரே, வெள்ளிக்கிழமைக்குள்ள எங்க இருந்து மொதல்ல போன் வருதோ அதுதான் உமது சித்தம்"னு ஜெபிச்சேன், வியாழக்கிழமையே ஒரு ஸ்கூல்ல இருந்து வந்துருச்சு, அழுதுகிட்டே ஸ்தோத்திரம் பண்ணி போய் சேந்தேன். 4 மாசம் சம்பளம் வரல. ஆண்டவர் மேல அவ்வளவு கோபம் எனக்கு. ஆனா அதே ஸ்கூல்ல வேலை பார்த்துட்டு வந்த ஒரு டீச்சர் எங்க தெருவுலயே இருந்தாங்க, ஒரு வார்த்தை அவங்ககிட்ட கேட்டிருந்தா போதும். கேக்குறதுக்கு வாயும் யோசிக்கிறதுக்கு மூளையும் குடுத்தவர் கிட்ட அதையெல்லாம் மூட்டை கட்டி வச்சிட்டு போன் மணியை கேட்டது நான்தான்.

உடனே கிதியோனை சொல்வீங்க, ஆட்டுத்தோலை களத்துல போட்டு, பனி அதுல மட்டும் பெய்யணும்னு அடையாளம் கேட்டானேன்னு. நியாயாதிபதிகள் 6-ஐ முழுசா வாசிங்க. தோல் போடுறதுக்கு ரொம்ப முன்னாடியே, 14-வது வசனத்துலயே "உனக்கு இருக்கிற இந்தப் பலத்தோடே போ"ன்னு கர்த்தர் சொல்லிட்டாரு, கிதியோனும் "தேவரீர் சொன்னபடி"ன்னுதான் ஆரம்பிக்கிறான். சித்தம் தெரியாம போட்ட தோல் இல்ல அது, தெரிஞ்சும் தைரியம் வராம போட்டது. ரெண்டாவது தடவை கேக்கும்போது உமது கோபம் என்மேல் மூளாதிருப்பதாகன்னு அவனே பயந்துதான் கேக்குறான். கர்த்தர் பொறுமையா பதில் குடுத்தாரு, அது அவரோட இரக்கம், அதை நாம பார்முலாவா எடுத்துக்க கூடாது. அப்போஸ்தலர் 1-ல யூதாஸ் இடத்துக்கு மத்தியாவை சீட்டுப் போட்டு எடுத்தாங்களேன்னா, ஆமா, ஆனா அது பரிசுத்த ஆவி இறங்கின பெந்தெகொஸ்தே நாளுக்கு முன்னாடி. 6-ஆம் அதிகாரத்துல 7 பேரை தெரிஞ்செடுக்கும்போது நற்சாட்சி, ஆவி, ஞானம்னு தகுதியை பாத்து சபையே தெரிஞ்செடுக்குது, சீட்டு இல்ல.

அடுத்தது விசாரிக்கிறது. இது ஆவிக்குரிய வேலை இல்லன்னு நெனைக்காதீங்க, கோபுரம் கட்டுறவன் உக்காந்து செலவை கணக்கு பாக்க மாட்டானான்னு கேட்டது இயேசுதான், லூக்கா 14:28. வெளிநாட்டு வேலைன்னா ஆள் எடுக்குற ஏஜென்ட் பதிவு பண்ணவங்களான்னு அரசாங்கத்தோட இ-மைக்ரேட் வெப்சைட்ல பாருங்க, விசிட் விசாவுல வா, வந்ததும் மாத்திக்கலாம்னு சொன்னா அங்கயே நில்லுங்க, சம்பளம், தங்குற இடம், லீவு எல்லாம் ஒப்பந்தத்துல எழுத்துல இருக்கான்னு பாருங்க, அங்க ஏற்கனவே இருக்கிற ரெண்டு பேர்கிட்ட பேசுங்க. கல்யாணம்னா மாப்பிள்ளை ஊழியக்காரர் மகன், தினமும் ஜெபிப்பாருன்றது மட்டும் பத்தாது, கோபம் வந்தா எப்படி, கடன் எவ்வளவு, அம்மாகிட்ட எப்படி பேசுறாரு, இதையெல்லாம் பாக்கணும். "பேதையானவன் எந்த வார்த்தையையும் நம்புவான்"னு நீதிமொழிகள் 14:15 சொல்லுது. இந்த ரெண்டு வழியிலயும் ஆராதனைக்கு போக முடியுமா, பக்கத்துல விசுவாசிங்க இருப்பாங்களா, வீட்ல யாருக்கு பாரம் கூடும், இதையும் அதே நோட்டுல எழுதுங்க.

ஆலோசனை கேக்குறதுக்கு ரெண்டு மூணு பேர் போதும். ஒருத்தர் உங்களை சின்ன வயசுல இருந்து தெரிஞ்சவரா இருக்கணும், ஒருத்தர் அந்த துறையில இருக்கிறவர், ஒருத்தர் உங்க சபை ஐயரோ பாஸ்டரோ. யாராவது வந்து "கர்த்தர் எனக்கு வெளிப்படுத்தினார், நீ இவனைத்தான் கட்டணும்"னு சொன்னா? அற்பமா எண்ணாதீங்க, ஆனா 1 தெசலோனிக்கேயர் 5:21 சொல்ற மாதிரி சோதிச்சு பாருங்க. அப்போஸ்தலர் 21-ல அகபுங்கிற தீர்க்கதரிசி பவுலோட கச்சையை எடுத்து தன் கையையும் காலையும் கட்டிக்கிட்டு எருசலேம்ல இப்படித்தான் உன்னை கட்டுவாங்கன்னு சொன்னான், பவுலை எருசலேம்ல பிடிச்சு கட்டவும் செஞ்சாங்க. ஆனா அதை கேட்டு எல்லாரும் போகாதீங்கன்னு அழுதும் பவுல் போனாரு, கடைசியில "கர்த்தருடைய சித்தம் ஆகக்கடவது"ன்னு சபைதான் அமைதியாச்சு. நெசமான தீர்க்கதரிசனம் கூட பவுல் கையில இருந்து முடிவை பிடுங்கல. அப்படி இருக்க, ஒரு பொண்ணை பயமுறுத்தி, கீழ்ப்படியலன்னா சாபம்னு சொல்லி சம்மதிக்க வைக்கிறது எந்த ஆவின்னு நீங்களே யோசிங்க. இதுல நான் ரொம்ப கடுமையாத்தான் இருக்கேன், கண்ணு முன்னாடி ஒரு குடும்பம் இதனால அழுததை பாத்தவ நான்.

இந்த இடத்துல சிலருக்கு பெரிய கேள்வி வரும், எல்லாமே அவர் திட்டம்னா நான் எதுக்கு முடிவு எடுக்கணும், நான் முடிவு எடுக்கிறேன்னா அவர் திட்டம் எங்க? பெரிய பெரிய ஆளுங்களே இதுல பிரிஞ்சிருக்காங்க. 1618-19-ல நெதர்லாந்துல டார்ட் ஆலோசனை சங்கம் கூடி, மனுஷனோட முடிவுக்கும் இடம் உண்டுன்னு அர்மினியஸ் பக்கத்து ஆளுங்க சொன்னதை மறுத்தாங்க. இங்கிலாந்து பிரசங்கிமார் ஜான் வெஸ்லியும் ஜார்ஜ் விட்பீல்டும், யார் இரட்சிக்கப்படுவாங்கன்னு தேவன் முன்னாடியே தீர்மானிச்சிட்டார்ங்கிற இந்த முன்குறித்தல் விஷயத்துல கடைசி வரைக்கும் ஒத்துப் போகல, ஆனா 1770-ல விட்பீல்ட் இறந்தப்ப லண்டன்ல நினைவு பிரசங்கம் பண்ணது வெஸ்லி. நம்ம ஊர்லயே பாருங்க, 1947 செப்டம்பர் 27-ல தென்னிந்திய திருச்சபை உருவானப்ப வெஸ்லி வழி மெத்தடிஸ்டும் முன்குறித்தலை அழுத்திச் சொன்ன கால்வின் வழியில வந்த பிரஸ்பிட்டேரியனும் ஒரே சபைக்குள்ள வந்தாங்க. இதை தீர்த்து வச்சிட்டுத்தான் முடிவு எடுப்பேன்னா ஒருநாளும் எடுக்க மாட்டோம்.

எனக்கு இதுல பிடி கிடைச்சது அப்போஸ்தலர் 27-ல. புயல்ல மாட்டுன கப்பல், உள்ள 276 பேர், ஒரு உயிர் கூட போகாதுன்னு தேவதூதன் பவுல்கிட்ட சொல்லிட்டான், 24-வது வசனம். திட்டம் உறுதி. ஆனா கொஞ்ச நேரத்துல கப்பலாட்கள் படகை இறக்கி நைசா தப்பிக்க பாத்தப்ப பவுல் என்ன சொன்னாரு, இவங்க கப்பல்ல இல்லன்னா நீங்க பிழைக்க மாட்டீங்கன்னாரு! ஒருத்தரும் சாகமாட்டாங்கன்னு தெரிஞ்ச அதே மனுஷன். போர்ச்சேவகர் கயித்தை அறுத்து படகை விழ விட்டாங்க, அப்புறம் பவுல் எல்லாரையும் சாப்பிட சொன்னாரு, நீந்த தெரிஞ்சவன் நீந்தி, தெரியாதவன் பலகையை பிடிச்சு கரை சேந்தான். வாக்குத்தத்தம் நிறைவேறுனது அந்த அறுத்த கயிறு, அந்த சாப்பாடு, அந்த பலகை வழியாத்தான். நாம முடிவு எடுக்குறதையும் சேத்துத்தான் அவர் திட்டம் போட்டிருக்காருன்னு அன்னிக்கு புரிஞ்சுது.

ஆகவே ஒரு தேதி வச்சுக்கோங்க. ஜெபிச்சுட்டு சொல்றேன் ஜெபிச்சுட்டு சொல்றேன்னு 6 மாசம் இழுத்தா எதிர்ல இருக்கிறவங்களுக்கு பண்ற அநியாயம் அது, முக்கியமா கல்யாண விஷயத்துல. அந்த தேதி வரைக்கும் ஜெபிங்க, ஆனா எது எதுன்னு மட்டும் கேக்காம என் ஆசையில பேராசை இருந்தா காட்டும், பயம் இருந்தா எடுத்துப் போடும்னு ஜெபிங்க. அன்னிக்கு நோட்டை திறந்து, எழுதினதை எல்லாம் வாசிச்சு, முடிவை எழுதி, கீழ யாக்கோபு 4:15-ஐ எழுதுங்க, ஆண்டவருக்குச் சித்தமானால் உயிரோடிருந்து இதைச் செய்வோம்னு. அவர் கதவை அடைச்சா அடைக்கட்டும், பவுலுக்கே ஆசியா நாட்டுக்கு போற வழி அடைஞ்சது, பித்தினியாவுக்கு போற வழியும் அடைஞ்சது, நடந்துகிட்டு இருந்ததால துரோவாவுல மக்கெதோனியா தரிசனம் வந்துச்சு. அயர்லாந்து மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மா சீனாவுக்கு போக நெனச்சாங்க, உடல்நிலையால முடியல, 1893-ல ஜப்பான் போனாங்க, அங்கயும் உடம்பு தாங்கல, 1895-ல இந்தியா வந்தாங்க, 1901-ல டோனாவூர்ல வேலை ஆரம்பிச்சது. 1951-ல சாகுற வரைக்கும் சொந்த ஊருக்கு திரும்பிப் போகவே இல்ல.

முடிவு தப்பா போயிட்டா? சம்பளம் வராத அந்த 4 மாசத்துல நானும் நெனச்சேன், எல்லாம் போச்சுன்னு. பவுலும் பர்னபாவும் மாற்குவை ஊழியத்துக்கு கூட்டிட்டு போறதா வேண்டாமான்னு சண்டை போட்டு பிரிஞ்சாங்க, யார் சரின்னு வேதம் சொல்லவே இல்ல, ஆனா 2 தீமோத்தேயு 4:11-ல அதே பவுல் மாற்குவை கூட்டிக்கிட்டு வா, எனக்கு பிரயோஜனமானவன்னு எழுதுறாரு. தப்பு பண்ணியிருந்தா அறிக்கை பண்ணுங்க, யோசிக்காம எடுத்திருந்தா ஒத்துக்கோங்க, திருத்த முடிஞ்சதை திருத்துங்க. உங்களுக்காக நான் வச்சிருக்கிறது தீமைக்கல்ல, சமாதானத்துக்கான நினைவுகள்னு சொல்ற எரேமியா 29:11-ஐ சுவத்துல மாட்டியிருக்கோமே, அது பாபிலோன்ல சிறையிருப்புல இருந்தவங்களுக்கு எழுதுன கடிதம், தங்களோட பாவத்தாலயே அங்க போனவங்க. 70 வருஷம் ஆகும், அதுவரைக்கும் வீடு கட்டு, தோட்டம் போடு, பிள்ளைகளை பெறுன்னு அதே அதிகாரத்துல சொல்றாரு.

அந்த தம்பி 10 நாள் கழிச்சு போன் பண்ணான். துபாய் எடுத்திருக்கான், ஒப்பந்தத்தை அப்பாவும் மாமாவும் உக்காந்து வரி வரியா படிச்சாங்களாம், தங்கச்சி படிப்பு கடனை 2 வருஷத்துல அடைச்சிடலாம்னு கணக்கு போட்டு வச்சிருக்கான். "சத்தம் எதுவும் கேக்கலக்கா, ஆனா பயம் இல்ல"ன்னான். போனை வைக்கிறதுக்கு முன்னாடி, அங்க தமிழ் ஆராதனை எங்க நடக்கும்னு விசாரிச்சு சொல்லுங்கக்கான்னு கேட்டான், அதைத்தான் இப்ப விசாரிச்சுக்கிட்டு இருக்கேன்.