காளானைத் தின்றுவிட்டுத் தியானத்தில் அமரலாமா?

கொடைக்கானலுக்குப் போகும் வழியில் பெருமாள்மலையில் போதி ஸெண்டோ என்ற மையம் இருக்கிறது; பௌத்தத் தியான மரபான ஜென்னைப் பயிலும் இடம். ஜப்பானில் யமாதா கோஉன் என்ற ஜென் ஆசிரியரிடம் பயின்ற இயேசு சபைத் துறவி அமா சாமி 1996இல் தொடங்கியது. அதே மலையில்தான் சுற்றுலாப் பயணிகளைக் குறிவைத்துப் போதைக் காளானும் திருட்டுத்தனமாக விற்கப்படுகிறது. இரண்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆனாலும் இரண்டையும் முடிச்சுப்போட்டு என்னிடம் கேட்கும் இளைஞர்கள் உண்டு: பத்து வருடம் உட்கார்ந்து கிடைப்பதை ஒரே இரவில் பெற்றுவிட முடியாதா?

அந்தக் கேள்விக்குள்ளேயே முதல் தவறு இருக்கிறது. காட்சியைப் பேறு என்று எடுத்துக்கொள்வது. நாள்கணக்கில் ஸாஸென் என்னும் ஜென் தியானத்தில் அமர்ந்தாலே சிலருக்கு நிறங்கள் தெரியும், உடல் மிதக்கும், புத்தர் உருவம்கூட எதிரே நிற்கும். ஜப்பானிய ஆசிரியர்கள் இதற்கு ‘மாக்யோ’ என்று பெயர் வைத்து, பொருட்படுத்தாமல் மூச்சுக்குத் திரும்பச் சொல்வார்கள். போதைக் காளானில் உள்ள சைலோசைபினோ, ஆய்வுக்கூடத்தில் செய்யப்படும் போதைப்பொருளான எல்எஸ்டியோ காட்டுவது இதைவிடப் பல மடங்கு வலிமையானது; விட்டுவிடுவதும் அவ்வளவு கடினம். 1959இல் ஜப்பானிய ஜென் ஆசிரியர் ஷுன்ரியூ சுசுகி அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்தார். அடுத்த சில ஆண்டுகளில் அவரைத் தேடி வந்த இளைஞர்களில் பலர் எல்எஸ்டியை உட்கொண்டு பார்த்துவிட்டு வந்தவர்கள். அந்த அனுபவம் அவர்களை வாசல்வரை கூட்டிவந்தது. விடியற்காலையில் எழுந்து, கால் மரத்துப்போகச் சுவரைப் பார்த்து அமரும் வேலையை அவர்கள்தாம் செய்யவேண்டியிருந்தது.

ஆராய்ச்சியை அரைகுறையாகப் படிப்பதும் ஆபத்து. சூரிச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நாள் தியான முகாமின் நான்காம் நாளில் சைலோசைபின் பெற்றவர்களுக்குத் தியானம் ஆழப்பட்டது உண்மை. ஆனால் கலந்துகொண்ட 39 பேரும் தியானத்தில் பழகியவர்கள். உடலும் மனமும் பரிசோதிக்கப்பட்டவர்கள். மருந்து பெற்றவர்களும் அளந்து கொடுத்ததை ஒரே ஒருமுறை, கண்காணிப்பில் எடுத்தவர்கள். இவற்றையெல்லாம் உதிர்த்துவிட்டுத் தலைப்பை மட்டும் சுமந்துகொண்டு விடுதி அறைக்குள் போவதுதான் எனக்குக் கவலை தருகிறது. 1962இன் புனித வெள்ளியன்று பாஸ்டனில் இறையியல் மாணவர்கள் இருபது பேரை வைத்து வால்டர் பாங்கே நடத்திய சைலோசைபின் சோதனையைப் பெருமையாகச் சொல்வார்கள். அதில் ஒரு மாணவர் கட்டுக்கடங்காமல் போக, ஊசி போட்டு அடக்கினார்கள். அறிக்கையில் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள் என்பது சுமார் முப்பது ஆண்டுகள் கழித்தே வெளியே வந்தது.

உடலைப் பற்றிய தவறுகளை யாரும் விளக்க மெனக்கெடுவதில்லை. இருமுனை மனநோய்க்குத் தரப்படும் லித்தியம் மருந்தை உட்கொள்பவர்களுக்கு இந்தப் பொருள்களால் வலிப்பு வரலாம். சில மனச்சோர்வு மாத்திரைகளோடு, அயவாஸ்கா என்ற தென்னமெரிக்க மூலிகைப் போதைப் பானம் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. அதற்காக மாத்திரையைத் தானாக நிறுத்துவது இன்னொரு ஆபத்து. குடும்பத்தில் மனச்சிதைவோ இருமுனை மனநோயோ இருந்தால் இந்தப் பக்கமே போகக் கூடாது. காட்டுக் காளான்களில் கல்லீரலை அழிக்கும் நச்சு வகைகளும் உண்டு. வாந்தியும் வயிற்றுப்போக்கும் பல மணி நேரம் கழித்துத் தொடங்கும், நடுவில் குணமானதுபோலத் தோன்றும். அதை நம்பி மருத்துவமனைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். இந்தியாவில் சைலோசைபினும் எல்எஸ்டியும் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டப்படி தடைசெய்யப்பட்டவை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஜென் பழகியவர்கள் மட்டும் விழும் குழி ஒன்று உண்டு. ‘அசையாதே, வருவதைக் கவனி’ என்பது அமர்வுக்கான கட்டளை. போதையில் பீதி நெஞ்சை அடைக்கும்போதும் அதையே பிடித்துக்கொண்டு, உதவி கேட்பதைத் தோல்வியாக நினைத்துத் தனியே தவிக்கிறார்கள். வெறும் தியானத்திலேயே மிதமிஞ்சிப் போய் உடலும் மனமும் குலைந்ததை 18ஆம் நூற்றாண்டில் ஜப்பானிய ஜென் துறவி ஹாகுயின் ‘ஜென் நோய்’ என்று எழுதினார். குணமாக அவரும் வேறொருவரைத் தேடித்தான் போனார்.

சடங்கைத் துண்டுதுண்டாக வெட்டி ஒட்டுவதும் தவறுதான். மெக்சிகோவின் மசாடெக் மக்களிடையே காளான் சடங்கு நோயாளிக்காக இரவில், அவர்கள் மொழிப் பாட்டோடு நடப்பது. 1955இல் அந்தச் சடங்கை நடத்திவந்த மரியா சபினா என்ற பெண் அதில் ஒரு வெளியாளைச் சேர்த்துக்கொண்டார். 1957இல் அது பத்திரிகையில் வந்தது. பிறகு ஊரே வேடிக்கைக்காரர்களால் நிறைந்தது. அவருடைய வீடு எரிக்கப்பட்டது. அந்தப் பாட்டின் ஒலிப்பதிவை ஓடவிட்டு, ஊதுபத்தி ஏற்றி, புத்தர் சிலை முன் அமர்வதைச் சடங்கு என்று என்னால் ஏற்க முடியவில்லை. உங்களுக்கென்று ஒரு சடங்கு வேண்டுமானால் எந்தப் பொருளும் உட்கொள்ளாத சாதாரண நாளிலும் செய்யக்கூடியதாக இருக்கட்டும்: ஒரு விளக்கு, மூன்று வணக்கம், பிறகு அமர்வு.

நண்பருக்குக் கொடுத்துப் பழக்காதீர்கள். ஜென் உட்பட்ட மகாயான பௌத்தத்தின் பத்துப் பெரும் சீலங்களில், அதாவது ஒழுக்க விதிகளில், ஐந்தாவது, மது விற்காதே என்கிறது. தான் குடிப்பதைவிடப் பிறர் மனத்தைக் கலங்கவைப்பதை அங்கே பெரிய குற்றமாக எண்ணினார்கள்.

ஏற்கெனவே எடுத்துவிட்டவர்களுக்கும் ஒன்று. மறுநாளே வேலையை விடுவது, திருமணத்தை முறிப்பது போன்ற முடிவுகளைச் சில வாரங்களாவது தள்ளிவையுங்கள். தூக்கம் கெட்டாலோ பயம் நீடித்தாலோ மனநல மருத்துவரிடம் போங்கள். ஆசிரியரிடம் மறைக்காதீர்கள், அவர் கடிந்துகொள்ளலாம், ஆனால் உங்கள் பயிற்சி எங்கே நிற்கிறது என்று தெரியாமல் அவரால் வழிகாட்ட முடியாது.